திருப்பி அனுப்பிய கவர்

ஜூலை 10, வியாழன் இரவு

அம்மா நான் தூங்கிவிட்டதாக நினைக்கிறாள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

சாயங்காலம் கட்சிக்கொடி கட்டிய பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் பழுப்புக் கவர்.

"நிருபர் அக்கா கீறாங்களா பாப்பா?"

அம்மா பதினைந்து வருடமாக அரசியல் நிருபர். எங்கள் கவுன்சிலர் ஏரியில் மனை போட்டு விற்றதைப் பற்றி முதல் புத்தகம் எழுதியிருக்கிறாள். அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"அவங்க வீடு மாத்திட்டுப் போய்ட்டாங்கண்ணா."

"இன்னாடா இது, போர்டுல பேர் கீது!" என்று மற்றவர் சொல்லும்போதே கதவைச் சாத்திவிட்டேன்.

அம்மா குமணன்சாவடியில் பஸ் இறங்கி வந்ததும் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! அந்தக் கவர்ல இருக்கிறது கவுன்சிலரோட பதில்டி. பத்து நாளா கேட்டுட்டு இருக்கேன்."

யாரைப் பற்றி எழுதினாலும் அவர் தரப்பையும் சேர்க்காமல் அம்மா எதையும் அச்சுக்குக் கொடுக்கமாட்டாள். புத்தகம் நாளை அச்சுக்குப் போக வேண்டும். நான் அழுதேன்.

அம்மா கவுன்சிலருக்கே போன் செய்து, என் பொண்ணு பயந்துட்டா என்றாள். அவர் சிரித்தது எனக்கும் கேட்டது. அது நல்ல சிரிப்பா, தெரியவில்லை. ஆனால் காலையில் அனுப்புகிறாராம்.

"நீயே கதவைத் திறந்து வாங்கு," என்கிறாள் அம்மா.

ஏழு மணிக்கே யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நிற்பேன். கொண்டுவருபவர் பெயரையும் நேரத்தையும் கவர்மேல் எழுத வேண்டும். அம்மா அப்படித்தான் செய்வாள். பெயர் கேட்கும்போது குரல் நடுங்காமல் இருந்தால் போதும்.