பிள்ளை இல்லை என்று சொன்ன வாய்

மதுரை

அன்பு மகன் உபைதுல்லாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அத்தாவும் அல்லாஹ் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் உன்னையும் அவன்தான் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் ஊறுகாய்ப் பார்சலோடு இதையும் வைக்கிறேன்.

கண்புரை ஆபரேஷனுக்கு ரத்தம் சோதித்ததில் எனக்கு ஹெபடைட்டிஸ் பி கிருமி பல வருஷமாக ஈரலில் இருப்பது தெரிந்தது. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு அத்தாவோடு ஈரல் டாக்டரிடம் போனேன். மாத்திரை கிருமி பெருகாமல் தடுக்குமாம், ஆனாலும் கிருமி தனக்கு வேண்டியதைச் செய்யச் சொல்லி ஈரல் செல்லுக்குள் உத்தரவு அனுப்பிக்கொண்டே இருக்குமாம். இப்போது ஆராய்ச்சியில் இருக்கும் ஒரு ஊசி அந்த உத்தரவை வழியிலேயே துண்டாக்கி, கிருமியின் ஜீனைப் பேசவிடாமல் செய்கிறதாம். "முழுசாக் குணமாகும்னு வாக்குக் குடுக்க முடியாதும்மா, சேர்றது உங்க இஷ்டம்" என்றார். பிறகு, "பிரசவத்துல பிள்ளைக்கும் போயிருக்கலாம், உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். உன் நிக்காஹ் நினைப்பு வந்தது, உனக்குப் பேசிவைத்திருக்கும் ஷாஹீதா வீட்டுக்குத் தெரிந்தால் என்னாகும் என்று பதறி, "பிள்ளையே இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன் உபைது. அத்தா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆட்டோ வண்டியூர் தெப்பக்குளம் தாண்டும்போது அத்தா, "ஆண்டவன் குடுத்த ஒத்தப் புள்ளைய இல்லன்னுட்டியே சைனப்பு, ஊர்ப் பேச்சு உனக்கு அம்புட்டுப் பெருசாப் போச்சா" என்று கேட்டார். அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. மறுநாளே போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன், திட்டியிருந்தாலாவது தேவலை, "உக்காருங்கம்மா, முதல்ல உங்க மகனச் சோதிச்சுக்கச் சொல்லுங்க" என்றார், அவ்வளவுதான். அத்தாவுக்குச் சோதித்ததில் ஒன்றுமில்லை. நானும் ஆராய்ச்சியில் சேர்ந்து முதல் ஊசி போட்டாயிற்று, ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்கு வெறும் தண்ணீரைத்தான் போடுவார்களாம், எனக்கு விழுவது எது என்று போடுகிறவர்களுக்கே தெரியாதாம், இருக்கட்டும், நாளைக்கு யாருக்காவது உதவும்.

நீ உடனே ரத்தம் சோதித்துக்கொள். கிருமி இருந்தாலும் மிரளாதே, வைத்தியம் இருக்கிறது, ஒரே தட்டில் சாப்பிடுவதால் ஒட்டாது. வரும் முடிவு எதுவானாலும் நிக்காஹுக்கு முன்னால் ஷாஹீதாவிடம் நீயே சொல்லிவிடு, அந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி இருக்கிறது. அவர்கள் வேண்டாமென்றால் அந்தத் தலைகுனிவு என்னுடையது, மறைத்துவைத்து ஒரு பெண்ணைக் கொண்டுவர வேண்டாம். உன் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியமில்லை.

உன் உடம்பும் ஈமானும் குறைவில்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இந்தச் சோதனைக்கு வெறும் வயிறு வேண்டியதில்லையாம், சாப்பிட்டுவிட்டே போ.

உன் அம்மா
சைனப்