அரை விலைச் சாரம்

மச்சான்,

இன்று காலை ஈப்போ கடைத்தெருவில் நடந்து போனபோது, புதிதாக எண்ணெய் போட்ட ரம்பத்தின் வாசனை மூக்கில் ஏறியது. ஒரு கடை வாசலில் ஏணி, சுத்தியல், இழைப்புளி, சாரக்கால் எல்லாவற்றையும் பரப்பி வைத்து, "பாதி விலை, பாதி விலை" என்று ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். நல்ல சாமானாக இருந்தால் ஏனப்பா கத்துகிறாய் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் தோளைத் தட்டி, "ஆரம்பிச்சிட்டான்யா" என்று சிரித்திருப்பாய். சிரிக்க ஆளில்லாமல் என் பாட்டுக்கு நடந்துவிட்டேன்.

நாம் இருவரும் சுங்காய் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்து, குனோங் ராபாட் மலையடியில் அந்தப் பழைய பலகை வீட்டை வாங்கினோமே, அந்த மழைக்காலம்தான் நினைவுக்கு வருகிறது. விற்றவன் சிரித்துக்கொண்டே விற்றான். அப்போதே எனக்குச் சந்தேகம். குடிவந்த பிறகுதான் தெரிந்தது, அத்தாப்பு ஓலைக் கூரையைத் தாங்கிய உத்தரம் உள்ளுக்குள் உளுத்துப் போயிருந்தது. அதற்கு நேர் கீழேதான் என் தங்கச்சியின் கட்டில். அவளுக்கு நிறைமாதம். பிள்ளை பிறப்பதற்குள் உத்தரத்தை மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் தாயும் பிள்ளையும் அந்தக் கூரைக்கு அடியில்தான் கிடக்க வேண்டும். உனக்கு அந்த நாட்களில் சோறே இறங்கவில்லை.

அப்போதுதான் வேலை முடிந்து மூடிய ஒரு ஈயச் சுரங்கத்தில், உயரத்தில் ஏறி நின்று வேலை செய்யத் தோதான சாரமும் கருவிகளும் மலிவாக விற்கிறார்கள் என்று சேதி வந்தது. விற்பனையைப் பார்த்துக்கொண்டவன் நம்ம தமிழ் ஆள்தான், தலையில் எண்ணெய் வழிய வழிய ஒரு தரகன். "வாங்கண்ணே, எல்லாம் தங்கமான சாமான்லா" என்றான். பெயர்கூடத் தெரியாதவன் எடுத்த எடுப்பில் அண்ணே என்றால் எனக்கு ஆகாது. தங்கத்தை எவன் அரை விலைக்கு விற்பான்? திருட்டுச் சாமானோ, ஆள் விழுந்து செத்த சாரமோ என்று உன் காதைக் கடித்தேன். "கொஞ்சம் வாயை மூடுடா" என்றாய்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. விற்பனை தொடங்க, தொங்கவிட்டிருந்த இரும்புத் துண்டை ஒருவன் ஓங்கி அடித்தான். அவ்வளவுதான். தோட்டத்திலிருந்து வந்த நாமெல்லாரும் ஒருவர் பின் ஒருவராகப் போய் வரிசையில் நின்றுவிட்டோம்! தோட்டத்தில் விடியுமுன் இதே சத்தத்துக்குப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நின்று நின்று பழகிய கால்கள். கங்காணி வந்து பெயர் கூப்பிடுவார் என்பது போல, கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்துகொண்டு நின்றோம். டவுன்காரர்கள் நம்மைத் தாண்டி ஓடி, நல்ல சாமான்களையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்தார்கள். உலகத்தையே சந்தேகப்பட்ட எனக்கு என் காலைச் சந்தேகப்படத் தோன்றவில்லை, பார்.

முதலில் விழித்துக்கொண்டவன் நீ. "டேய், யாரு வந்து நம்ம பேரைக் கூப்பிடப் போறா? ஓடுடா!" என்று கத்தினாய். நாம் போய்ச் சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது இரண்டு சாரக்காலும், ஒரு நீளப் பலகையும், ஒரு சாக்கில் துருவேறிய சுத்தியலும் உளியும் ரம்பமும்தான். தரகன் பேரமே பேசாமல் கொடுத்துவிட்டான். நான் பயந்தது அதற்குத்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பலகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மெழுகும் கரியும் குழைத்துப் பூசியது உரிந்து வந்தது. உள்ளே பலகையின் நடுவில் நீளமான வெடிப்பு. "படுபாவி!" என்று நான் குதித்தேன். நீ ஒரு சட்டத்தை அறுத்து, வெடிப்புக்குக் குறுக்கே அடியில் வைத்து ஆணி அடித்தாய். நான் அதன்மேல் கல்லை ஏற்றிப் பார்த்தேன். தாங்கியது. மறுபடியும் ஏற்றினேன். கட்டிலில் கிடந்தபடியே என் தங்கச்சி, "அண்ணே, பலகை உன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணணுமா?" என்றாள். மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வேறு சாரம் தேட நேரமில்லை.

தங்கச்சியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீ ஏறினாய். நான் கீழே நின்று சாரக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "பலகையை நம்பாதே, பலகையை நம்பாதே" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். புது உத்தரத்தின் ஒரு முனையை உட்கார வைத்துவிட்டு, மறுமுனையைத் தோளில் தாங்கி நீ தூக்கும்போது, சடசடவென்று பலகை பேசியது. என் உயிரே போய்விட்டது. அப்படியே குனிந்து அடியில் புகுந்து முதுகைக் கொடுத்தேன். "குதிடா!" என்று அலறினேன். நீ குதிக்கவில்லை. என் முதுகின்மேல் நின்றுகொண்டு, அவசரமே இல்லாதவன் போல உத்தரத்தை அதன் இடத்தில் தள்ளி, ஆப்பு அடித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினாய்.

எனக்கு வந்த கோபத்தில் உன்னை அடிக்கவே கை ஓங்கினேன். "உனக்குப் பைத்தியமா? பலகையை நம்பாதேன்னு எத்தனை வாட்டி சொன்னேன்?"

நீ நெற்றி வேர்வையை வழித்துவிட்டுச் சொன்னாய்: "பலகையை யாருடா நம்பினா? கீழ நீ நின்னியே."

அந்த வாரமே பேய்மழையில் உன் மகள் பிறந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் அவள்மேல் விழவில்லை. அடுத்த வருடம் குளிர்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தேன், மச்சான். எதைப் பிடிப்பது, எங்கே முதுகைக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

எனக்கு இன்னும் புத்தி மாறவில்லை. பால்காரனையும் நம்புவதில்லை, பூசாரியையும் நம்புவதில்லை. உன் மகள் கொண்டுவந்து நீட்டும் மிட்டாயைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் வாயில் போடுகிறேன். அவளோ ஓடி வந்து, பிடிப்பேனா என்று ஒரு பார்வைகூடப் பார்க்காமல், என் முதுகில் தாவி ஏறிக்கொள்கிறாள். அப்படியே உன் பிள்ளை. யாரையும் நம்பத் தெரியாத ஒருவனை நீங்கள் இரண்டு பேர் இப்படி நம்பித் தொலைத்தீர்கள். அந்தப் பாரத்தை நான் கீழே இறக்குவதாக இல்லை.