எதிரொலி முந்தி வராது

2025 மார்ச் 4, செவ்வாய்

நோன்பு லீவிலும் ஏ.எல். பிள்ளைகளுக்குக் காலை வகுப்பு. பாடத்திட்டத்தில் இல்லாததைப் படிப்பித்தேன்: தூரத்திலுள்ள இரண்டு கடிகாரங்களை எப்படி ஒத்து வைப்பது? இங்கிருந்து ஒளியை அனுப்பு. அங்கே பட்டுத் திரும்பட்டும். போய்வந்த நேரத்தில் பாதி கழிந்தபோது அங்கே பட்டது என்று வைத்து, அந்தக் கடிகாரத்தைத் திருத்து.

"டீச்சர், போறதுக்கும் வாறதுக்கும் ஒரே நேரம்தான் எண்டு எப்பிடித் தெரியும்?" என்றாள் சஹ்லா. தெரியாது, அப்படி வைத்துக்கொள்கிறோம் என்றேன். பிள்ளைகளுக்குச் சிரிப்பு.

என் புருஷன் அஸ்ஹர் மச்சான் தோஹாவுக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம். அங்கே பொழுது பட்டு மஃரிப் ஆக எங்களுக்கு எட்டேகால். இங்கே ஆறேகாலுக்கு நோன்பு திறக்க நான் ஈத்தம்பழமும் தண்ணீரும் மட்டும். அவர் நோன்பு திறப்பதை வீடியோவில் பார்த்த பிறகுதான் சோறு. வருடாவருடம் இப்படித்தான்.

மார்ச் 7

ஆறு பத்துக்குப் போன் எடுத்தார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே போனுக்குள் தொழுகைப் பாங்கு. எங்கள் நிந்தவூர்ப் பாங்குதான் தன்னிடம் வந்து திரும்பிக் கேட்கிறது என்றார். எதிரொலி. நம்பினேன்.

மார்ச் 11

இன்றும். ஆனால் எங்கள் பள்ளிவாசலில் தொடங்க முன்னமே அவருடைய போனில் தொடங்கிவிட்டது. வேறு ஆளின் குரல். எதிரொலி எப்படி முந்தும்? தோஹாவில் அப்போது பின்னேரம் மூன்றேமுக்கால் — அந்த நேரம் அங்கே என்ன பாங்கு?

நான் பிசிக்ஸ் டீச்சராம்.

மார்ச் 12

கேட்டேன். "மச்சான், எங்க நிக்கிறீங்க?"

"அக்கரைப்பற்றுல," என்றார்; பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரம். பிறகு, மர்ஷூதா என்றொருத்தியை நிக்காஹ் செய்து ஏழு மாதம், நல்ல பிள்ளை, என்னோடு சண்டைக்கு வரமாட்டாள் என்றார்.

அப்போ ஒவ்வொரு நாளும் ஆறேகாலுக்கு அங்க வயிறு நிறையத் திண்டுபோட்டு, எட்டேகாலுக்கு எனக்காக இன்னொருக்கா ஈத்தம்பழம் வாயில வெச்சிருக்காரு. கண்ணை மூடி துஆவும் ஓதினாரே. மற்றதெல்லாம் பொறுத்தாலும் அந்தப் பழத்தைப் பொறுக்க ஏலாது.

மார்ச் 15

வகுப்பு இல்லையென்று சொல்லியனுப்பினேன்.

ஏப்ரல் 5

காதி நீதிமன்றத்தில் காதியார் முன்னால் நானும் அவனும். மர்ஷூதாவோடு செய்த நிக்காஹின் பதிவுத் துண்டை அவனே நீட்டினான். போன ஆகஸ்ட் 14, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அந்தப் பின்னேரம் நான் கல்முனை ஆஸ்பத்திரியில். அவன் லீவில் வந்து போனபோது வயிற்றில் தங்கிய பிள்ளை, நாலு மாதம், அன்று அஸரோடு போய்விட்டது. தூரத்து இரண்டு சம்பவம் ஒரே நேரத்தில் நடந்ததா என்று சொல்வது லேசில்லை என்று படிப்பிக்கிறேன். இதற்குக் கணக்கே வேண்டாம்.

சமாதானமாகப் போகச் சொன்னார் காதியார். அவனை விட்டு விலக பஸஹ் கேட்டுக் கையெழுத்து வைத்தேன்.

பிள்ளை போன அன்றைக்கு, வர டிக்கெட் கிடைக்கவில்லையென்று போனில் அழுதான். பின்னால் ஆட்கள் சிரித்துக் கதைப்பது கேட்டது. ரூமிலுள்ளவர்கள் என்றான். அழாதீங்க மச்சான் என்று நான்தான் தேற்றினேன்.