சாரத்தில் கேட்ட ஸ்பீக்கர்

ஜூலை 12, சனி

பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைப் பார்க்க இன்று சாரம் ஏரியாவில் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். புத்தக அலமாரியில் அடங்குகிற அளவு. புதிதாக வாங்க எனக்கு வக்கில்லாத ரகம். முன்பக்க வலையைக் கழற்றி, டார்ச் அடித்து மூலைமூலையாகப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

"நல்லாப் பழகின பாட்டாப் போடுங்க சார், அப்பதான் தெரியும்" என்றார் விற்கிறவர்.

எனக்குப் பழகினது ஒன்றுதான். முந்தின வருஷம் கிறிஸ்துமஸுக்கு மாதா கோயிலில் ஸ்டெல்லா பாடியது. அவள் போன பிறகு தினமும் செல்போனில் கேட்கிறேன்.

ஸ்பீக்கரில் அவள் எதிரே நின்று பாடுவதுபோல் இருந்தது. ஒவ்வொரு வரி முடிந்ததும் மூச்சை இழுத்து இழுத்து வாங்கினாள். செல்போனில் இது ஒருநாளும் கேட்டதில்லை.

"யாரு சார் பாடறது? மூச்சு வாங்கறதுகூட கேக்குது பாருங்க!" அவருக்கு ஒரே பெருமை.

"என் வொய்ஃப்" என்றேன்.

அவளை டாக்டரிடம் கூட்டிப்போனது அதற்கடுத்த ஈஸ்டருக்கு அப்புறம்தான். முன்பே கவனித்திருக்கலாமே என்றார் அவர். ஒண்ணுமே தெரியலியே டாக்டர் என்று சொன்னேன்.

ஸ்பீக்கரில் ஒரு குறையும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்குக் கோயிலில் செல்போனைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தேன்.