வால் வைத்த ச

நேற்று மத்தியானம் வீட்டில் மைதாப் பசை காய்ச்சும் வாசம் வந்தது. டீச்சர் வேலை பார்க்கும் என் மகள், வகுப்புக்காக ஐரோப்பா படம் ஒன்றைத் துணியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, ஊர்ப் பேரெல்லாம் நீங்க எழுதித் தாங்க. ஒங்க கையெழுத்துதான் அழகு" என்று பேனாவை நீட்டினாள். சூரிச் என்று எழுதப் போனேன். முதல் எழுத்திலேயே கை நின்றுவிட்டது. கண் வலிக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நீ இருந்தபோது சொல்லத் துப்பில்லாதவன் இப்போது எழுதுகிறேன்.

நம் படமும் மைதாப் பசையில் ஒட்டியதுதான். நாம் இருவரும் வேலை பார்த்த, கேரளத்து ஏலப்பாறைக்குப் பக்கத்து எஸ்டேட், தேயிலை ஃபாக்டரி மாடி, இலை வாட்டும் தட்டுகளுக்குப் பின்னால் பலகைச் சுவர். பழைய அட்லஸின் நாலு தாளைச் சேர்த்து ஒட்டியிருந்தோம். வாரப் பத்திரிகை ஒன்றில் ஒரு தொடர்கதை வந்துகொண்டிருந்தது. சிறையிலிருந்து தப்பிய மார்ட்டின், ஐரோப்பா முழுக்க நடந்தே போர்ச்சுக்கலில் இருக்கும் தன் மீன்பிடி ஊருக்குப் போகிறான். சாம்பல் கோட்டுப் போட்ட ஒருவன் விடாமல் பின்னாலேயே வருகிறான். வெள்ளிக்கிழமை குமுளி பஸ்ஸில் பத்திரிகை வரும். சாப்பாட்டு நேரத்தில் நீ உரக்கப் படிப்பாய். மார்ட்டின் எந்த ஊர் வரை வந்தானோ அதுவரை சிவப்பு மையில் கோடு இழுப்பாய். ஊர்ப் பேர்களையும், கோட்டுக்கு மேலே 'மார்ட்டின் வழி' என்பதையும் எழுதுவது என் வேலை. என் ச-வுக்கு மட்டும் கீழே எலிவால் மாதிரி ஒரு சுழிப்பு இருக்கும். "ஏலே, ஒன் ச எந்திரிச்சு ஓடிரும் போலருக்கே" என்று கேலி செய்வாய்.

ஒருநாள் நீதான் கேட்டாய்: "வியன்னாவுல குளிருன்னா எம்புட்டுக் குளிரு? நமக்கு எப்படிலே தெரியும்? பக்கத்துல நம்ம ஊர்ப் பேரயும் போடு." போட்டேன். வியன்னாவுக்குப் பக்கத்தில் சாந்தன்பாறை. அவன் எல்லை தாண்டும் மலைக்குப் பக்கத்தில் சக்குபள்ளம், அங்கிருந்து இறங்கினால் தமிழ்நாடு என்பதால். நமக்கு அது வெறும் விளையாட்டு.

அவசரநிலைக் காலம் அது. யாரையோ தேடிக்கொண்டு போலீஸ் மலையேறி வந்திருந்தது. கீழே வளைவில் ஒரு ஜீப் மூன்று வாரமாக நின்றது. யாரும் இறங்கவில்லை, யாரையும் பிடிக்கவில்லை. "சாம்பல் கோட்டு வந்தாச்சுடோய்" என்று நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு வீடாகப் புத்தகங்களைப் புரட்டுகிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, என் வீட்டில் இருந்த பத்திரிகைக் கட்டு மொத்தத்தையும் அடுப்பில் போட்டேன். சுவரில் இருந்த படம் நினைவுக்கே வரவில்லை. நான் அவ்வளவு பெரிய புத்திசாலி.

மறுநாள் காலை அவர்கள் மாடிக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் சிவப்புக் கோட்டின் மேல் விரலை மெதுவாக நகர்த்தினார். விரல் சக்குபள்ளத்தில் நின்றது.

"ஆராடா ஈ மார்ட்டின்?"

நம் மலையில் ஏலத்தோட்டத்துக்கு ஏலத்தோட்டம் ஒரு மார்ட்டின் இருந்தான்; தாங்கள் தேடும் ஆள் தமிழ்நாட்டுக்குத் தப்பும் வழியை நாம் வரைந்து வைத்திருப்பதாக அவர் நினைத்தார். அது நமக்கு அப்போது உறைக்கவில்லை. "கதைங்க சார், பத்திரிகைக் கதை" என்றாய். "கதையில எந்தினாடா சாந்தன்பாற? எவிடே பத்திரிக?" என்றார், கதையில் எதற்கு நம் ஊர், பத்திரிகை எங்கே என்று. நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். நான் எரித்துவிட்டேன் என்று உனக்குப் புரிந்துவிட்டது.

சுவரில் இருப்பது யார் கையெழுத்து என்று பார்க்க, இரண்டு தாள் கொடுத்து, சக்குபள்ளம் என்று எழுதச் சொன்னார்கள். நீ முதலில் எழுதினாய். நேர்க்கோடாக ச போடுகிறவன், அன்றைக்கு நிதானமாக, கீழே ஒரு வாலைச் சுழித்தாய். அடுத்தது நான். வால் இல்லாமல் எழுதினேன். அவர்கள் உன்னைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார்கள்.

இருபது நாள் கழித்து வந்தாய். வலது கை விரல்கள் மடங்கவில்லை. எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்:

"மார்ட்டின் ஊர் போய்ச் சேந்தானாலே?"

நான் பத்திரிகை வாங்குவதையே நிறுத்தியிருந்தேன். "சேந்துட்டான்" என்றேன். "நல்லது" என்று சொல்லி டீ கேட்டாய். டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத்தான் உன்னால் குடிக்க முடிந்தது. அப்புறம் கடைசி வரை அப்படித்தான் குடித்தாய். நானும் கடைசி வரை பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளாவது நீ என்னைத் திட்டியிருக்கலாம். எனக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

அவன் ஊர் போய்ச் சேர்ந்தானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. வீட்டு முன்னால் வண்டி நின்றால் இப்போதும் முதலில் என் விரல்கள்தான் குளிர்கின்றன. அன்றிலிருந்து எந்தச் ச-வுக்கும் நான் வால் போட்டதில்லை. ரேஷன் கார்டில் இல்லை, மகள் கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்ததில் இல்லை. என் பெயரே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. இத்தனை வருஷமாக அதை நான் பொய்யாகத்தான் எழுதி வருகிறேன்.

சாந்தன்பாறை என் கையெழுத்து. சக்குபள்ளம் என் கை. கீழே இருக்கும் பேரும் என் கைதான், வாலோடு போட்டிருக்கிறேன். அன்றைக்கு நீ போட்ட வால்தான் இதைவிட நன்றாக இருந்தது.

சண்முகம்