நீ சொன்னால்தான் அம்மா விழுங்குவாள்

இன்று காலை அம்மாவின் தலையணை உறையைக் கழற்றி உதறினேன். கட்டிலெங்கும் வெள்ளை மாத்திரைகள் தெறித்து விழுந்தன. எல்லாமே வாயில் போட்டு எடுத்தவை. சில ஓரம் கரைந்து, உறையின் நூலில் ஒட்டிக் கிடந்தன. நீ போனதிலிருந்து தினமும் என் கையால்தான் கொடுக்கிறேன். டம்ளரையும் நானே பிடித்து, "முழுங்கிட்டியாம்மா?" என்று கேட்டு, "ம்" என்ற பதிலையும் வாங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். அவளோ அத்தனையையும் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, நான் படியிறங்கியதும் உறைக்குள் துப்பியிருக்கிறாள். முட்டி வலி கொஞ்சமும் குறையவில்லையே, மருந்தை மாற்றுங்கள் என்று டாக்டரிடம் போய்ச் சண்டை போட்ட முட்டாள் நான்.

முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. நீ கொடுத்திருந்தால் விழுங்கியிருப்பாள் என்றுதான் தோன்றியது. செத்துப்போனவள் மேல் பொறாமைப்படுகிறவளை என்ன செய்வது, நீயே சொல்லு.

பொறாமை இன்று நேற்று வந்ததில்லை என்பது உனக்கும் தெரியும். கால்நடை மருத்துவம் ஒன்றாகப் படித்தோம், மணலிப் பக்கத்து மருந்துச் சோதனைக் கூடத்தில் ஒன்றாகச் சேர்ந்தோம். நீ திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண். நான் ராயபுரத்தில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்த தெற்கத்தி வீட்டுப் பெண். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு பை நிறைய சங்கரா மீனோடு வந்தாய். கடைக்கு மேலே இருந்த எங்கள் சமையலறையில் கேட்காமலே அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மாவோடு கதையடித்துக்கொண்டே மீனைக் கழுவி முடித்தாய். அன்று சாயங்காலமே அம்மா உன்னை 'மக்கா' என்று செல்லமாகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு இன்று வரைக்கும் வெறும் 'ஏட்டி'தான்.

வேலையிலும் அதே கதைதான். "மாட்டு டாக்டருக்குப் படிச்சிட்டு எலிக்கு நாடி புட்சிகினு கீறோம்" என்று நீ கேலி செய்தாலும், மைக்ரோஸ்கோப்பில் உனக்கு இருந்த கண் சோதனைக் கூடத்தில் வேறு யாருக்கும் இல்லை. அந்த வலி மாத்திரையின் சோதனை வந்தபோது நாம் இருவருமே அதில் இருந்தோம். ஏற்கெனவே கடையில் விற்கிற மருந்துதான்; இனி முட்டி வலிக்காரர்கள் அதை வருஷக்கணக்கில் தின்னப்போகிறார்கள். அதனால் புற்றுநோய் வருமா என்று பார்த்தாக வேண்டும். எலிகளுக்கு இரண்டு வருஷம், அதாவது கிட்டத்தட்ட அவற்றின் ஆயுள் முழுக்க, தீனியில் கலந்து கொடுத்தோம். பக்கத்திலேயே மருந்து கலக்காத தீனி தின்ற கூட்டம். செத்ததும் ஒவ்வொன்றின் உறுப்பையும் மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பது நம் பாடு.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்குமே, அந்தச் சுரப்பியில் கட்டிகளைப் பார்த்தவள் நான்தான். அதிக மருந்து தின்ற ஆண் எலிகளில் நிறைய இருந்தன. மருந்தில்லாத கூட்டத்தில் அபூர்வமாகத்தான் இருந்தன. அம்மா தின்கிற மாத்திரையும் அதே மருந்துதான். பதறியிருக்க வேண்டிய நான், உனக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன் என்று குதித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ தகடு தகடாகப் பார்த்தாய். "கட்டிதான்மே, கரெக்ட்டு" என்றாய். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு தலையை நிமிர்த்தாமலே, "இதுங்கோ எப்போ செத்துச்சுங்கோ?" என்று கேட்டாய்.

நான் அதைப் பார்த்திருக்கவில்லை. எத்தனை எலிக்குக் கட்டி என்று எண்ணிய வேகத்தில், அவை எத்தனை நாள் இருந்தன என்று பார்க்கத் தோன்றவில்லை. சும்மா தீனி தின்ற கூட்டம் தின்று கொழுத்து, கிட்னி கெட்டு, சீக்கிரமே போய்ச் சேர்ந்திருந்தது. மருந்து தின்றவை பசி குறைந்து, ஒல்லியாக, தள்ளாத வயது வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சுரப்பியில் அந்தக் கட்டி, மருந்தே தொடாத ஆண் எலிக்கும் கிழடு தட்டினால் வருகிறதுதான்.

"கெயவனாவாம பூட்டவனுக்கு நரைமுடி இல்லன்னு சொன்னா எப்டிமே?" என்று சிரித்தாய்.

ஒத்த வயதில் செத்தவற்றை ஒத்த வயதில் செத்தவற்றோடு வைத்துப் பார்த்தோம். எது மருந்து தின்ற எலி என்று தெரியாதபடி எண்களை மறைத்துவிட்டு வேறொருவரையும் தகடுகளைப் படிக்கச் சொன்னோம். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை; என் கண்டுபிடிப்பு காற்றில் போய்விட்டது. மீட்டிங்கில் எல்லோரும் உனக்குக் கை கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். ஒரு வாரம் உன்னோடு சாப்பிட உட்காரவில்லை. நீயாக வந்து என் டப்பாவைத் திறந்து, பாதியைத் தின்றுவிட்டு, மூடி வைத்துவிட்டுப் போனாய். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அறிக்கை எழுதும்போதும் நீ விட்டுக்கொடுக்கவில்லை. 'இந்த மருந்தால் ஆபத்தில்லை' என்று நான் எழுதியதை அடித்தாய். இந்த எலிகளில், இந்த அளவுகளில், இந்த மருந்தால் புற்றுநோய் வந்ததற்குச் சான்று காணவில்லை என்று மட்டும் எழுதலாம்; அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத நமக்கு உரிமையில்லை என்றாய். சரியான பேச்சுதான். அதன் பிறகு நடந்ததைக் கேள்.

வாட்ஸப்பில் எவனோ அந்த மாத்திரை தின்றால் புற்றுநோய் என்று அனுப்ப, அம்மா மாத்திரையை நிறுத்தினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எலி, தீனி, கிழட்டு வயது என்று எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எலிக்கு முட்டி வலியாட்டி?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். அவள் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எம்மா, துன்னு. ஒண்ணும் ஆவாது. நா பாத்துக்கிறேன்" என்றாய். விழுங்கிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கூட எழுத விடாதவள், அவளிடம் மட்டும் 'ஒண்ணும் ஆவாது' என்று அடித்துச் சொன்னாயே! படியில் வைத்துக் கேட்டேன். "அத்து ரிப்போர்ட்டு, இத்து அம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாய்.

அதற்குப் பிறகு உனக்கே கணையத்தில் புற்றுநோய் வந்தது. பார்த்தபோதே முற்றியிருந்தது. மருந்துச் சோதனை செய்கிறவளுக்கே இந்த நோயா என்று தெருவில் பேசினார்கள். ஆஸ்பத்திரிக்கு அம்மாவை ஆட்டோவில் கூட்டிவந்தபோது, உன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

அதனால்தான் இன்று மாத்திரைகள் உதிர்ந்ததும் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். பத்திரம் என்று சொன்னவளே புற்றுநோயில் போய்விட்டாள், அம்மா பயந்துவிட்டாள். லீவு சொல்லிவிட்டு மத்தியானம் வரைக்கும் வகுப்பெடுத்தேன். உன் நோய்க்கும் இந்த மாத்திரைக்கும் சம்பந்தமில்லை, நீ அதைத் தின்றதே இல்லை, எலிகளில் கணையத்தையும்தான் பார்த்தோம், ஒன்றும் இல்லை. தொண்டை வறண்டதுதான் மிச்சம். அம்மா காலை நீட்ட முடியாமல் மடக்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் துறைமுகத்து கிரேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பயந்தேன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றாள் கடைசியில். "எனக்கு எம்பது ஆகப்போகுது. இனிமே வந்தா என்ன, வராட்டா என்ன?"

"பெறவு ஏம்மா துப்புத?"

"அந்தப் பிள்ள வேதன தாங்காம தலவாணியக் கடிச்சிட்டுக் கெடந்தால்லா. என் கண்ணால பாத்தேன். எத்தன மருந்து குடுத்தும் அவளுக்குக் கேக்கல. எனக்கு மட்டும் எதுக்கு? முட்டி வலிக்கும்போதுதான் அவ பக்கத்துல இருக்க மாதிரி இருக்கு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும்."

உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. எனக்காக இவள் என்றைக்காவது இப்படி வலி பொறுத்திருப்பாளா? என்னைப் பெற்றபோது பட்ட வலியைச் சேர்த்துக்கொள்ளலாம்தான்; ஆனால் அது வேண்டுமென்று பட்டதில்லையே. நான் வாழ்நாளெல்லாம் ஆபத்தை அளந்து பழகியவள். அவளும் ஆபத்தைத்தான் அளக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். அவள் உனக்குத் துக்கம் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதற்கு மருந்து என்னிடம்தான் இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை. உன் கடைசி மத்தியானத்தைச் சொல்கிறேன். உன் தங்கை சாப்பிடப் போயிருந்தாள், நான் மட்டும் இருந்தேன். டாக்டர் மாற்றிக் கொடுத்த ஊசி அன்றுதான் முதல் தடவையாக வேலை செய்தது. உன் நெற்றிச் சுருக்கம் தானாகப் பிரிந்ததைப் பார்த்தேன். "பூடுச்சுமே வலி. ஜில்லுனு கீது" என்றாய். நர்ஸைக் கேலி செய்தாய். "உங்கம்மா இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று கேட்டாய். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. உன் உடம்பைக் குப்பத்தார் எடுத்துக்கொண்டார்கள், உன் பேரையும் புகழையும் சோதனைக் கூடம் எடுத்துக்கொண்டது, துக்கத்தை அம்மா எடுத்துக்கொண்டாள். அந்த மத்தியானம் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

அம்மா முட்டியை அழுத்திக்கொண்டு பல்லைக் கடித்தாள். அந்த மத்தியானத்தைச் சொல்லிவிட்டேன்.

"வலிக்கலன்னு அவ வாயால சொன்னாளா?"

"ஆமாம்மா."

"குழம்பக் கேட்டாளா?"

"கேட்டா."

வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கையை நீட்டினாள். மாத்திரையை விழுங்கிவிட்டு, நான் கேட்காமலே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். "வேற என்னட்டி சொன்னா?" என்றாள்.

"அவ்ளோதாம்மா. தூங்கிட்டா."

இப்போது காலை நீட்டித் தூங்குகிறாள். நீ கண்ணை மூடுவதற்கு முன்னால், என்னை இன்னும் கிட்டே வரச் சொல்லி, காதோடு சொன்னாயே, அதை அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குக் கேட்டாலும் சொல்லமாட்டேன். இங்கேயும் எழுதமாட்டேன். நீ அதை என்னிடம்தான் சொன்னாய்.