ஊசியைத் தூக்கிய கை

மார்ச் 9, ஞாயிறு
இந்த வாய் சும்மா இருக்காது. மாங்வோன் சந்தைக்குப் பின்னால் கில்ஜு நடத்தும் மதுக்கடையில் ஞாயிறு மதியம் ஆட்டமும் பாட்டும் நடக்கும். இசைத்தட்டு மட்டும்தான். மடிக்கணினியோடு போனால் வாசலோடு திருப்பிவிடுவான். “உனக்குத் தட்டுல போட வருமா?” என்று கேட்டான். “நான் ஆரம்பிச்சதே தட்டுலதான்” என்றேன். பச்சைப் பொய். இரண்டு வருடமாக, தாளத்தைத் தானே சேர்த்துவிடும் சிங்க் பட்டனை அழுத்தியே டிஜே என்று பெயர் வாங்கியவள் நான். அங்கே வேலை பார்க்கும் ஹேரிம், “எங்க யூன்சுல் அக்கான்னா சும்மாவா!” என்று பூரித்துப்போனாள். 23ஆம் தேதி என் முறை.

மார்ச் 13
பயிற்சி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். ஒரு தட்டின் தாளம் முன்னால் ஓடுகிறது, மற்றது பின்னால் இழுக்கிறது. மடிக்கணினித் திரையில் ஒலி அலைகளைப் பார்த்துச் சேர்த்தே பழகிவிட்டேன். இங்கே பார்க்க ஒன்றுமில்லை, கேட்கத்தான் வேண்டும். அப்போ இத்தனை நாளா நான் எதைத்தான் கேட்டேன்?

மார்ச் 18
இரண்டும் சேர்ந்தன! கொஞ்ச நேரம்தான். அழுகை வந்துவிட்டது. இதில் தொடங்கியிருக்க வேண்டும்.

மார்ச் 23
எழுதவே கை கூசுகிறது. எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பாட்டை ஹெட்போனில் கேட்டுத் தயார் செய்தேன். பாட்டு தொடங்கும் இடம் தவறிவிட்டது. மறுபடி வைக்க ஊசியைத் தூக்கினேன் — ஓடிக்கொண்டிருந்த தட்டின் ஊசியை. கூடமே அடங்கிப்போனது. “என்னம்மா, கரண்ட் போச்சா?” என்று யாரோ கத்த, ஒரே சிரிப்பு. அதோடு போயிருக்கும்.
கில்ஜு ஓடிவந்தான். “ஊசியைச் சரியா மாட்டல போல, தானா வழுக்கிடுச்சு” என்றேன்.
காலையில் மாட்டியது ஹேரிம். அத்தனை பேர் முன்னாலும் அவளைப் பிடித்துக் காய்ச்சினான். “ஒரு ஊசி மாட்டத் தெரியல, அடுத்த வாரம் நீ பாட்டுப் போடப் போறியா? ஒண்ணும் வேணாம்.” அவளுக்கு அதுதான் முதல் மேடை. என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என் கையைப் பார்த்தாள்.

மார்ச் 24
தூ.

மார்ச் 26
கில்ஜுவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “தப்பான ஊசியை நானும் தூக்கியிருக்கேன். அதுக்கா அந்தப் பொண்ணை என் வாயால திட்ட வச்ச?” என்றான். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லைங்க மேடம்.” மேடமாம்! அதுக்கு என் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

மார்ச் 30
கில்ஜு வாய்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஹேரிம் பாட்டுப் போட்டாள். கூடத்தின் கடைசியில், சுவரோரம் நின்று கேட்டேன். என்ன காது அவளுக்கு! முடிந்ததும் கை தட்டினேன். என் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு
கடை திறக்கும் முன் பழகிக்கொள்ள கில்ஜு விடுகிறான். இன்று இரண்டு தட்டும் சேராமல் தடதடத்தன. ஹேரிம் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைப் போட்டுவிட்டு வந்தாள். வேகமாக ஓடிய தட்டின் விளிம்பை விரலால் லேசாகத் தொட்டாள். தாளம் ஒன்றாகியது. மறுபடி மேசை துடைக்கப் போய்விட்டாள்.
பாட்டு முடியும்வரை நான் எதையும் தொடவில்லை.